ரவுட்டரின் கடிகாரம் தானாகச் சரியாகிவிடாது

'ரவுட்டரின் கடிகாரத்தைப் பற்றி ஏன் கவலை? இணையம் வந்ததும் என்டிபி திருத்திவிடும்' என்பது நெட்வொர்க் வேலை தெரிந்தவர்களும் சொல்லும் பேச்சு. வலையிலிருந்து நேரத்தைப் பெறும் என்டிபி நல்ல ஏற்பாடுதான். ஆனால், சில அமைப்புகளில் அது வேலையைத் தொடங்கவே ஓரளவு சரியான நேரம் தேவைப்படுகிறது.

'இணையம் வந்தால் நேரமும் வந்துவிடும்.' பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் பேட்டரியுடன் கூடிய கடிகாரச் சில்லு கிடையாது. கரண்ட் போய் வந்தால், லினக்ஸ் 1970 ஜனவரி 1 முதல் எண்ணத் தொடங்கும். என்டிபி சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற டிஎன்எஸ் வேண்டும். அங்கே பதில்களைக் கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இருந்தால், ஒவ்வொரு கையொப்பத்துக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 1970இல் நிற்கும் ரவுட்டருக்கு அந்தத் தொடக்க நாள் இன்னும் வரவில்லை. அதனால் பதிலை ஏற்காது. முகவரி கிடைக்காமல் நேரம் இல்லை, நேரம் இல்லாமல் முகவரி இல்லை. நேரம் சரியாகும்வரை இந்தத் தேதிச் சோதனையைத் தள்ளிவைக்க டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் தனி அமைப்பே இருக்கிறது.

'சிறிது நேரம் தவறாக ஓடினால் நஷ்டமில்லை.' வயர்கார்டு என்னும் விபிஎன் சுரங்கவழியில் இணைப்பைக் கோரும் ஒவ்வொரு செய்தியிலும் நேர முத்திரை இருக்கும். பழைய செய்தியை யாரும் மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, முன்பு வந்ததைவிடப் பிந்தைய முத்திரையை மட்டுமே எதிர்முனை ஏற்கும். கடிகாரம் பின்னே போன ரவுட்டரின் கோரிக்கைகள் அங்கே கைவிடப்படும். என்டிபி கோரிக்கையும் அதே சுரங்கவழியில்தான் போக வேண்டுமென்றால், ரவுட்டரால் தானாக மீள முடியாது.

'சில்லு இல்லையென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.' இது தவறு. ரவுட்டர் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியின் 'சிஸ்ஃபிக்ஸ்டைம்' நிரல், அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாறியது எதுவோ அதன் நேரத்துக்குக் கடிகாரத்தை முன்நகர்த்துகிறது. மாதக்கணக்கில் எந்தக் கோப்பும் மாறாவிட்டால் அந்த நேரமும் பழையதாகிவிடும். அதற்கு, மணிக்கொரு முறை அவற்றில் ஒரு கோப்பின் நேரத்தைப் புதுப்பிக்கும் கிரான் வேலை போதும். ஃபிளாஷ் நினைவகம் தேயும் என்பதால் நிமிடத்துக்கு நிமிடம் எழுத வேண்டாம். வயர்கார்டுக்கு இதுவும் போதாது: ஒரு என்டிபி சர்வரையாவது ஐபி முகவரியாகவே கொடுத்து, சுரங்கவழிக்கு வெளியே செல்ல விட வேண்டும். இணைப்பு வசதியுள்ள ரவுட்டர் பலகையில் டிஎஸ்3231 போன்ற சில்லை நாணய பேட்டரியுடன் இணைத்துவிடலாம்.

ரவுட்டரை நிறுவுபவர் இணையக் கம்பியைக் கழற்றி, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்து, தேதியைப் பார்க்க வேண்டும். 1970 என்று காட்டினால் நிறுவல் இன்னும் முடியவில்லை.