கோப்பை கழுவினவர்கள்

சுவிற்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில், ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது செர்மாட். பெற்றோலிலும் டீசலிலும் ஓடும் கார்களுக்கு ஊருக்குள் இடமில்லை. டேஷ் என்ற அயற்கிராமத்தில் அவற்றை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். 4,478 மீற்றர் உயரமான மாற்றர்ஹோர்ன் சிகரத்தைப் பார்க்கவும் பனியில் சறுக்கவும் உலகமே அங்கு வருகிறது. சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, என் தமக்கையின் மகன் என்னை அங்கே சாப்பிட அழைத்துச் சென்றான்.

ஆடம்பர விடுதியல்ல. மரச்சுவரும் நீண்ட வாங்குகளும் கொண்ட சாதாரண உணவகம். சறுக்கிவிட்டு வந்தவர்கள் கனத்த பிளாஸ்ரிக் சப்பாத்துகளைக் கழற்றாமலே தடதடவென்று வந்து அமர்ந்தார்கள். அந்தக் குசினியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என் மருமகன்.

"முன்கதவாலை நான் இதுக்குள்ளை வாறது இது மூண்டாந்தரம், மாமா" என்றான்.

எனக்கு ரோஸ்டி வந்தது. துருவிய உருளைக்கிழங்கை அடைபோலத் தட்டி இருபுறமும் பொன்னிறமாகப் பொரித்தெடுக்கும் பண்டம். ஒருகாலத்தில் பேர்ண் பகுதி உழவர்களின் காலையுணவு. ஜேர்மன் பேசும் சுவிஸையும் பிரெஞ்சு பேசும் சுவிஸையும் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்கே 'ரோஸ்டிப் பள்ளம்' என்றுதான் பெயர். அத்தனைக்கு அந்நாட்டுக்குரிய அந்த அடையை அவன் முள்ளுக்கரண்டியால் மெல்லக் கிளறிப் பார்த்தான்.

"கிழங்கை முதல்நாளே அவிச்சு ஆறவிட வேணும். உடன அவிச்சுத் துருவினால் களியாப் போகும். இது இண்டைக்கு அவிச்சது."

எனக்கு ருசியாகவே இருந்தது. ஆனால் அவன் சொன்ன தொனி, ஒரு விஸ்வகர்மர் இன்னொருவர் செய்த நகையைப் பார்த்துச் சொல்லும் தொனி.

1989இல், பத்தொன்பது வயதில் அவன் இந்த நாட்டுக்கு வந்தான். அகதி விண்ணப்பதாரிகளை மாநிலங்களுக்குப் பங்கிட்டு அனுப்புவது அரசின் வழக்கம். 'என்' எழுத்திட்ட அட்டையோடு இருந்தவனுக்குத் திறந்த சில கதவுகளில் ஒன்று உணவகத்தின் பின்கதவு. முதலில் கோப்பைகள், பிறகு சட்டிகள், பிறகு சலாது, கடைசியில் அடுப்பு. முறைப்படி சமையற்காரர் என்ற சான்றிதழுக்கு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி வேண்டும். அதற்கு அவனிடம் அப்போது மொழியும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே எத்தனை ஆண்டு சமைத்தாலும் சம்பளச் சீட்டில் அவன் உதவியாளன்தான். பகல் வேலை இரண்டு மணிக்கு முடியும். ஐந்து மணிக்கு மீண்டும் தொடங்கி இரவு பதினொன்று வரை நீளும். பிள்ளைகளை விழித்த நிலையில் அவன் கண்டது விடுமுறை நாட்களில்தான். பிள்ளைகள் பாடசாலையோடு சென்று சறுக்கப் பழகினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாக இம்மலைகளில் வாழும் அவன் ஒருநாளும் சறுக்குக் கட்டையில் ஏறியதில்லை.

சுவிஸ்காரர் அவனை உதவியாளன் என்று எழுதியதைக் குறைகூற எனக்கு யோக்கியதை கிடையாது. 1993இல் யாழ்ப்பாணத்தில், அச்சுத்தாள் தடைப்பட்டுக் கோடிட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட நாட்களில், நான் ஒரு பத்தி எழுதினேன். உத்தியோகத்தையும் படிப்பையும் விட்டுவிட்டு வெள்ளைக்காரனின் எச்சிற்கோப்பை கழுவப் பறக்கிறார்களே என்பது அதன் சாரம். வாசகர்கள் நன்றாகச் சிரித்ததாக ஆசிரியர் சொன்னார். தாளுக்கு அவ்வளவு பஞ்சம் இருந்தும் அதற்கு இடம் கிடைத்தது.

இதை நான் அவனிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்க, அவனே தொடங்கினான்.

"அம்மா அதை வெட்டி அனுப்பினவ, மாமா. மாமா எழுதினதெண்டு பெருமை அவவுக்கு. குசினியிலை நாங்கள் நாலு பேரும் இருந்து வாசிச்சனாங்கள். நல்லாத்தான் எழுதியிருந்தியள்."

கோபத்தின் சாயல்கூட அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

எங்கள் சமூகம் கழுவும் தொழிலை இழிவென்றது. அத்தொழில் அனுப்பிய காசை ஒருபோதும் இழிவென்றதில்லை. என் பத்திரிகைக்கே அது பொருந்தும். மரண அறிவித்தல்களையும் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிகளையும் புரட்டிப் பாருங்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் சுவிஸ், கனடா, ஜேர்மனி என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அந்த விளம்பரப் பணத்தில் எங்கள் சம்பளமும் ஒரு பகுதி. கோப்பை கழுவினவனைக் கேலி செய்த பத்திக்கான கூலியைக் கோப்பை கழுவினவனே கொடுத்திருக்கிறான் என்பதைக் கண்டுகொள்ள எனக்கு இத்தனை ஆண்டுகள் சென்றன.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் 'திருத்தம்' என்று சிறு கட்டத்தில் போடுவோம். எந்தப் பத்திரிகையிலும் நான் இப்போது இல்லை. ஆகவே அத்திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்: அந்தப் பத்தி தவறானது. எழுதியவனுக்கு ஒரு கிழங்கை எப்போது அவிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது.

உண்டு முடிந்ததும் அவன், பேச்சை நிறுத்தாமலே, எச்சங்களை ஒரு தட்டில் வழித்து, பெரியதன்மேல் சிறியதாக அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்தான். பரிமாறிய பெண் சிரித்தபடி எடுத்துச் சென்றாள். கணக்கையும் அவனே தீர்த்தான். நான் எவ்வளவோ மறித்துப் பார்த்தேன், விடவில்லை.