வெட்கம் வேண்டாம், வைத்தியம் வேண்டும்

குடல் இறக்கம் என்றால் வயதானவர்களுக்கு வரும் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 13 வயதுப் பையனுக்கும் வரும். 18 வயது வாலிபனுக்கும் வரும். பெண் பிள்ளைகளுக்கு வருவதும் உண்டு.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஆண் குழந்தையின் விதைகள் கீழே இறங்குகின்றன. அந்த வழியில் வயிற்றின் உள்சவ்வு ஒரு பை போல நீண்டு, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அதன் வழியாகக் குடல் இறங்குகிறது. இளம் வயதினருக்கு வரும் இறக்கம் பெரும்பாலும் இந்த வகைதான். பளு தூக்கும்போது அது வெளியே தெரியலாம். ஆனால் குறை பிறவியிலேயே இருக்கிறது. பெல்ட் கட்டினால் அது குணமாகாது. ஆபரேஷன்தான் வழி.

1887-ல் இத்தாலிய டாக்டர் பாசினி தமது தையல் முறையை வெளியிட்டார். 1990-க்குப் பிறகு சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப் முறை பரவியது. இதில் காயம் சிறியது. முதல் நாட்களில் வலி குறைவு. சீக்கிரம் பள்ளிக்குத் திரும்பலாம். வயிற்றுக்குள் காமிரா செலுத்திச் செய்யும்போது மறுபக்கத்தில் இறக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

அதற்காக இது மந்திரம் அல்ல. முழு மயக்கம் கொடுக்க வேண்டும். விந்துக் குழாயும் விதைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களும் அருகிலேயே இருப்பதால் கைப்பழக்கம் மிக அவசியம். எந்த முறையில் செய்தாலும் சிலருக்கு இறக்கம் திரும்பி வரும்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. குழந்தைகளுக்குப் பையின் கழுத்தைக் கட்டினாலே போதும். பெரியவர்களுக்கு வலை வைத்துத் தைக்கிறார்கள். நடுவில் நிற்கும் 15 வயதுப் பிள்ளைக்கு எது சரி? 2018-ல் வெளியான சர்வதேச நெறிமுறைகள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பெரியவர்களிலேயே 100-க்கு 10 முதல் 12 பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நீடித்த வலி இருக்கிறது என்று அவை கூறுகின்றன. லேப்ராஸ்கோப் முறையில் அது குறைவு. ஆனால் இந்த முறை பரவி 30 ஆண்டுகளுக்கு மேல்தான் ஆகிறது. 15 வயதில் வலை வைத்துக்கொண்டவர் 70 வயதில் எப்படி இருப்பார் என்று கணக்குச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

ஆகவே, தழும்பு தெரியாது என்பதற்காக மட்டும் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. "வலை அவசியமா? இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்?" என்று பெற்றோர் தைரியமாகக் கேட்க வேண்டும். டாக்டர்களும் இளம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கணக்கு வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து வெட்கம். பையன் தாயிடம் சொல்லக் கூசுகிறான். பெண்ணின் கலியாணம் தடைப்படும் என்று பெற்றோர் மூடி வைக்கிறார்கள். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கலாகாது.

மறைத்து வைப்பதால் இறங்கிய குடல் ஏறிவிடாது. பிள்ளைகள் சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்க வேண்டும்.