கேட்கலாம், பேசக்கூடாது

அமெச்சூர் றேடியோ பற்றி எழுதுறவை எல்லாரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவினம். தாத்தா மோர்ஸ் சொல்லிக் குடுத்தார், அப்பா அன்ரெனா கட்டினார், பன்னிரண்டு வயதில் மகனும் மைக்கைப் பிடித்தான். சுவர் நிறைய வெளிநாட்டு கியூ.எஸ்.எல் அட்டைகள். வாசிக்க நல்லாத்தான் இருக்கு. அதை ஏதோ ரத்தத்தில ஓடுற விசயம் போல எழுதேக்கைதான் எங்களுக்கு எரிச்சல் வருது.

எங்கட வீடுகளிலயும் றேடியோ பரம்பரையாத்தான் வந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் வடக்குக்குப் பற்றரியும் வராது. சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பெடலைக் கையால சுத்தி, டைனமோ கரண்டில பீபீசி தமிழோசை கேட்டவை எங்கட அப்பப்பாமார். சுத்துற கை களைச்சால் செய்தியும் களைச்சுப் போகும். இரவில எந்த அலைவரிசை தெளிவா இழுக்கும், வயரை எந்த மரத்தில கட்டினால் இரைச்சல் குறையும் எண்டதெல்லாம் அவைக்கு அத்துப்படி. ஒரு ஹாமுக்கு வேண்டிய அறிவு இதுதானே? ஆனால் அவை கேட்டவை மட்டும்தான். பேசுற கருவி வீட்டில இருந்தால் அதைப் பொழுதுபோக்கு எண்டு ஆர் நம்பியிருப்பினம்? எங்களில ஒருத்தியின்ர அப்பப்பா றேடியோ திருத்துறவர். ஒரு நாள் பயத்தில தன்ர பழைய வால்வு செற்றைக் கிணத்துக்குள்ள போட்டவர். அது வெறும் றிசீவர்.

2004 டிசம்பர் 26, சுனாமியில் தொலைபேசிகள் செத்த பிறகு, அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமரின் அவசர நிலையத்துக்கும் இடையில் சிற்றலைத் தொடர்பு குடுத்தது விக்டர் குணதிலக்கவும் அவரோடு நின்ற ஹாம்களும். அவர்களை மதிக்கிறம். ஆனால் அதே அலை முல்லைத்தீவையும்தான் அடிச்சது. அங்க ஒரு வீட்டில 4எஸ்7 எண்டு தொடங்குற அழைப்புக்குறியோட ஒரு செற் நிம்மதியா இருந்திருக்க முடியுமா?

"இப்பதான் வாட்ஸ்அப் இருக்கே" எண்டு சொல்லுவினம். 2018, 2019, 2022 எண்டு மூண்டு வருசங்களில சமூக ஊடகங்களை ஒரே உத்தரவில நிப்பாட்டினதை அதுக்குள்ள மறந்தாச்சோ? ஹாம் அனுமதியையும் அரசு பறிக்கலாம், தெரியும். வயர் கட்டத் தெரிஞ்ச கையைப் பறிக்கேலாது.

இன்னொரு கேள்வி எங்கட பெடியளே கேட்டது: "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு ஏன் இது?" ஆர் பேசலாம், ஆர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவேணும் எண்டது கலைப்பீடத்துக் கேள்வி இல்லாட்டி வேற என்ன? அதோட, தாத்தா, அப்பா, மகன் எண்டு போற அந்தக் கதையில அம்மம்மா எங்க?

அனுமதி பற்றி விசாரிக்க ஒரு அலுவலகத்துக்குப் போனம். படிவத்துக்கு முதல் கேள்விதான் வந்தது: "உங்களுக்கு ஏன் இது?" மூண்டு தலைமுறை ஹாம் வீட்டுப் பிள்ளையிட்ட இதைக் கேட்டிருப்பினமா?

பரீட்சைக்குப் படிக்கிறம். 7 மெகாஹேர்ட்சுக்கு அரை அலை அன்ரெனா ஏறத்தாழ 20 மீற்றர். வயர் வாங்கியாச்சு. கிணத்தடியில ரெண்டு தென்னையும் நிக்குது.