எல்லையில் நிற்கும் சர்க்கரை

விழுப்புரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 42. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 112 என்று வந்ததாம். "திண்டிவனத்தில் இருக்கும் என் ஓரகத்தி, 'பார்டரில்தானே இருக்கிறது, போய் வேலையைப் பார்!' என்கிறாள். என் தாயாருக்கோ இந்த வியாதியால் கால் விரலையே எடுக்க நேர்ந்தது. நான் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

சகோதரி, தாயாரை நினைத்து நடுங்கவும் வேண்டாம். ஓரகத்தியின் தைரியத்தைக் கடன் வாங்கவும் வேண்டாம். விழுப்புரம் ஜங்ஷனை நீங்கள் அறியாதவரல்ல. ஐந்து திசைகளுக்குப் பாதை பிரிகிற இடம். அங்கே நிற்கிற வண்டி எந்தப் பாதையிலும் போகலாம். உங்கள் உடம்பும் இப்போது அப்படி ஒரு ஜங்ஷனில்தான் நிற்கிறது. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் இயல்பு. 126ம் அதற்கு மேலும் போனால் நீரிழிவு. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் உங்கள் 112. நம் நாட்டில் இந்த இடைநிலையில் இருப்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் கணக்குச் சொல்லிற்று. ஆகவே, துணைக்கு ஆள் இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை!

இதிலிருந்து திரும்ப முடியுமா? பலர் திரும்பியிருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இப்படி எல்லையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவைத் திருத்தி, தினம் அரை மணியாவது நடக்கச் சொல்லி விடாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே 39தான். மாத்திரை, நடை இரண்டும் சேர்ந்தபோதும் கூடுதல் லாபம் ஒன்றும் காணோம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், நடந்தவர்களின் எடை அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை; அப்படியிருந்தும் பலன் கிடைத்தது. "நான் ஒல்லிதானே, எனக்கு எதற்கு நடை?" என்பவர்கள் கவனிக்க வேண்டும். அதே சமயம், நடந்தும் 39 பேருக்கு வந்ததே என்பதையும் மறைக்கக் கூடாது. இது மந்திரமல்ல. டாக்டர் மாத்திரை கொடுத்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கடிதத்தின் பின்குறிப்பு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஓரகத்திக்குப் பிரசவ காலத்தில் சர்க்கரை இருந்து, குழந்தை பிறந்ததும் போய்விட்டதாம். அம்மா! கர்ப்பத்தில் சர்க்கரை கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உங்களுக்குத் தைரியம் சொல்கிற அவர்தான் முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

இனி அடுக்களைக்குப் போவோம். காலையில் இட்லி, மத்தியானம் மலையாகச் சோறு, ராத்திரி மறுபடி தோசை. மூன்று வேளையும் அரிசிதான். தட்டில் பாதியைக் காயும் கீரையும் பிடித்துக்கொள்ளட்டும். கால் பாகம் பருப்போ, பயறோ, முட்டையோ, மீனோ. மிச்சக் கால் பாகத்தில் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் இந்த விஷயத்தில் சீனிக்கு உடன்பிறப்புகள்தான். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் நைஸாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரமே ரத்தத்தில் ஏறிவிடும். மாலையில் காராசேவுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை வைத்துக்கொள்ளுங்கள். கடலை ரகங்களின் பெயருக்கு முன்னால் டி.எம்.வி. என்று போடுகிறார்களே, அது திண்டிவனத்தைக் குறிப்பது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. உங்கள் ஜில்லாச் சரக்கு! கைப்பிடி என்றால் ஒரே கைப்பிடிதான்.

நம் பெண்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, "வீணாய்ப் போகிறதே" என்று பாத்திரத்தில் மீந்த சோற்றையும் குழந்தை வைத்துவிட்டுப் போன தோசையையும் தாமே முடித்துவிடுவார்கள். சிக்கனம் நல்லதுதான். ஆனால் ரத்தத்துக்கு அந்தச் சிக்கனம் புரியாது. அரை ஆழாக்கு அரிசியைக் குறைத்துப் போடுங்கள், மீதமே வராது.

"நாள் முழுதும் வேலை செய்கிறேனே, அதுவே தேகப்பயிற்சிதானே?" என்பீர்கள். வேலை உடம்புக்கு நல்லதுதான். ஆனால் நின்று நின்று செய்கிற வேலையில் மூச்சு வாங்குவதில்லை. பேசலாம், ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் அரை மணி நடக்க வேண்டும். தெருவில் நடக்கக் கூச்சமாயிருந்தால் மொட்டை மாடி போதும். ஒரே மூச்சில் முடியாதென்றால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிஷம். வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போங்கள். அவருடைய ரத்தத்தை யார் பார்த்தார்கள்?

மூன்று மாதம் இப்படி இருந்துவிட்டு, ஹெச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடந்த மூன்று மாதத்தின் சராசரியை அது காட்டிக்கொடுக்கும். முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது. 5.7க்குக் கீழே வந்தால் நல்ல சேதி. அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அதோடு வெறும் வயிற்றுச் சோதனையும் செய்வதானால், அன்று காலை காப்பி கூடாது, தண்ணீர் குடிக்கலாம். இந்த விதியை மீறிவிட்டு, "அரை டம்ளர்தானே குடித்தேன்" என்று சொல்லும் சகோதரிகள் அநேகம்!