லினக்ஸ் லேப்டாப் திடீரென பூட் ஆகவில்லையா? 'ஃபார்மட்' போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பவர் பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி, பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோடு. கடலூரோ சிதம்பரமோ, இந்த நிலையில் ஒரு லேப்டாப்பை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் யோசனை, "ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்திடலாம் தம்பி" என்பதுதான்.

அப்படிச் செய்தால் லேப்டாப் பிழைத்துக்கொள்ளும். உள்ளே இருந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பாதி எழுதிய ஆய்வேடு, அக்கா கல்யாண போட்டோ எல்லாம் போய்விடும். இத்தனைக்கும் லினக்ஸ் பூட் ஆகாத லேப்டாப்களில் பெரும்பாலும் ஃபைல்களுக்கு எதுவுமே ஆகியிருக்காது. கதவின் பூட்டு மட்டும்தான் கெட்டிருக்கும். அதற்காக வீட்டையே இடித்துக் கட்டுகிறோம்.

*இப்போது ஏன் இந்தப் பேச்சு?*

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. பழைய லேப்டாப்கள் இந்தத் தேர்விலேயே ஃபெயில். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப்போட மனசு வராதவர்களுக்கு இருக்கும் வழிகளில் ஒன்று, மின்ட், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் ஒன்றும் புதுசு இல்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் லினக்ஸுக்கு மாறின. 2011 செப்டம்பர் 15-ம் தேதி அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அந்த லேப்டாப்களில் எத்தனையோ இன்னும் பீரோ மேல் தூங்குகின்றன. தம்பி, தங்கைக்காக இப்போது அவற்றைத் தூசி தட்டி எடுக்கும்போதுதான் பிரச்னை தெரிகிறது.

*'பூட்' ஆகும்போது என்ன நடக்கிறது?*

தமிழில் இதைத் 'தொடக்கம்' என்று எழுதலாம். (தொடக்கமா, துவக்கமா என்ற சண்டையைத் தமிழ்த் துறைக்கே விட்டுவிடுவோம்.) புழக்கத்தில் எல்லோரும் 'பூட்' என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே.

பட்டனை அழுத்தியதும் லினக்ஸ் நேராக எழுந்து வருவதில்லை. தேர் இழுக்கும்போது வடம் ஒரு வீதியிலிருந்து அடுத்த வீதிக்குக் கைமாறுவதுபோல, வேலை நாலு பேரிடம் கைமாறுகிறது. மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் முதலில் எழுகிறது. பழைய லேப்டாப்பில் இதன் பெயர் பயாஸ், புதியதில் யுஇஎஃப்ஐ. அது 'கிரப்' என்ற சின்ன புரோகிராமைத் தேடிப்பிடித்து எழுப்பும். "விண்டோஸா, லினக்ஸா?" என்று கேட்கும் மெனு இந்த கிரப்தான். கிரப் போய் கெர்னலை எழுப்பும், கெர்னல் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து மற்றதை எல்லாம் எழுப்பும்.

வடம் எந்த இடத்தில் அறுந்தது என்பதைத் திரையில் நிற்கும் அந்த ஒரு வரியே சொல்லிவிடும். அதனால்தான் எதைத் தொடுவதற்கும் முன்னால் அந்தத் திரையை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால், முதல் ஆளுக்கே அடுத்தவர் எங்கே என்று தெரியவில்லை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால், கிரப் பாதி எழுந்துவிட்டது, தன் மீதி ஃபைல்களைத் தேடுகிறது. 'கெர்னல் பேனிக்' அல்லது 'இனிட்ராம்எஃப்எஸ்' என்றால் மூன்றாவது ஆள் வரை வந்தாயிற்று. எல்லாம் ஓடி, கடைசியில் வெறும் கறுப்புத் திரை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரில் சிக்கல் இருக்கலாம், அல்லது டிஸ்க் முழுசாக நிரம்பியிருக்கலாம். டிஸ்க்கில் ஒரு எம்பிகூட இடம் இல்லாவிட்டால், சரியான பாஸ்வேர்டு போட்டும் லினக்ஸ் திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே துரத்திவிடும். பாவம், பலர் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்றே நினைத்துவிடுகிறார்கள்.

*விலையில்லா லேப்டாப்பில் நடக்கும் விபத்து*

இரண்டு ஓஎஸ் உள்ள பழைய லேப்டாப்களுக்கென்றே ஒரு விபத்து உண்டு. படம் ஏற்ற இடம் பத்தவில்லை. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், பெயரே இல்லாத ஒரு பகுதி சும்மா கிடப்பதுபோலத் தெரியும். 'இதை யார் யூஸ் பண்றா' என்று அதை டெலிட் செய்தால், அடுத்த முறை விண்டோஸும் வராது, லினக்ஸும் வராது. 'கிரப் ரெஸ்க்யூ' மட்டும் நிற்கும்.

காரணம் இதுதான்: பயாஸ் வகை லேப்டாப்பில் கிரப்பின் தலைப்பகுதி டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும், உடம்பு அந்தப் 'பெயரில்லாத' லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும். உடம்பை அழித்துவிட்டோம். தலை மட்டும் எழுந்து திருதிருவென முழிக்கிறது. விண்டோஸ் அதன் இடத்தில் பத்திரமாகவே இருக்கிறது, அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. விண்டோஸ் ரிப்பேர் யுஎஸ்பி மூலம் அதன் பூட் பகுதியை மட்டும் திருப்பி எழுதினால் போதும். அழித்த லினக்ஸ் பகுதிக்குள் ஃபைல் ஏதும் வைத்திருந்தால், அந்த இடத்தில் புதிதாக எதையும் எழுதாமல் மீட்பு முயற்சி செய்ய வேண்டும். ஃபார்மட் போட்டு மேலே எழுதிவிட்டால் அந்த வாய்ப்பும் மங்கிவிடும்.

பல வருஷம் சும்மா கிடந்த லேப்டாப்பில் இன்னொன்றும் நடக்கும். மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்துபோய், தேதி பல வருஷம் பின்னுக்குப் போயிருக்கும். பயாஸ் அமைப்புகளும் பழையபடி மாறியிருக்கும். தேதியே தப்பாக இருந்தால் முதல் சந்தேகம் அந்த பேட்டரி மேல்தான் வர வேண்டும்.

*2024 ஆகஸ்ட்டில் நடந்தது என்ன?*

எதையுமே தொடவில்லை, நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை என்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 ஆகஸ்ட் 13-ம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான மாதாந்திர விண்டோஸ் அப்டேட்டை வெளியிட்டது. கிரப்பில் 2022-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதும் அதன் ஒரு வேலை. 'செக்யூர் பூட்' என்பது ஃபர்ம்வேர் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, கையெழுத்து சரியாக இருக்கும் புரோகிராமை மட்டும் உள்ளே விடும். அந்தக் காவலாளியிடம், பழைய பதிப்புகளை இனி விடாதே என்று ஒரு பட்டியலைக் கொடுத்தது அப்டேட்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப்களுக்கு இந்தப் பட்டியல் போகாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. போய்விட்டது. உபுண்டு, மின்ட், டெபியன் என்று உலகம் முழுக்கப் பலருடைய லினக்ஸ் நின்றது. 'எஸ்பாட்' சரிபார்ப்பு தோல்வி, ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு லேப்டாப் அணைந்துபோனது. இதற்கு முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. கிட்டத்தட்ட 9 மாதம். இடைப்பட்ட காலத்தில் இதற்காக ஃபார்மட் போட்டவர்கள் எல்லாம் தேவையே இல்லாமல் போட்டவர்கள். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்தாலே லினக்ஸ் எழுந்துவிடும், பிறகு அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு மறுபடி ஆன் செய்துகொள்ளலாம் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட வழி.

*2026 ஜூனில் லினக்ஸ் நின்றுவிடுமா?*

சமூக வலைதளங்களில் சுற்றும் பயம் இது. செக்யூர் பூட் நம்பியிருக்கும் 2011-ம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது என்பது உண்மை. லினக்ஸை உள்ளே விடும் சான்றிதழும் அதில் ஒன்று.

ஆனால் ஜூன் மாதம் ஒருநாள் காலையில் எல்லா லேப்டாப்பும் படுத்துவிடும் என்பது தவறு. ஏற்கெனவே கையெழுத்து வாங்கிய பூட் புரோகிராம்கள் வழக்கம்போல ஓடும், ஃபர்ம்வேர் பொதுவாக காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை. சிக்கல் அதற்குப் பிறகு வரலாம். 2023 சான்றிதழால் மட்டும் கையெழுத்தான புதிய லினக்ஸ் பதிப்பை, அந்தச் சான்றிதழே இல்லாத பழைய ஃபர்ம்வேர் உள்ளே விடாது. எனவே விண்டோஸ் அப்டேட்டையோ, உபுண்டுவில் உள்ள ஃபர்ம்வேர் அப்டேட்டரையோ தள்ளிப்போடாமல் ஓட்டிவிடுவது நல்லது. 2011, 2012-ல் வாங்கிய பயாஸ் வகை லேப்டாப்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அவற்றில் செக்யூர் பூட்டே கிடையாது.

*கரன்ட் கட் ஆனால் என்ன ஆகும்?*

கடலூர் மாவட்டத்துக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்த தென்பெண்ணை வெள்ளம் என்று, மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் இருந்து பழகிய ஊர். லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டும் ஓடும் பழைய லேப்டாப்புக்குக் கரன்ட் கட் என்பது பிளக்கைப் பிடுங்குவதுதான்.

சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி அணைந்தால் லினக்ஸ் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். கெர்னல் அப்டேட் பாதியில் இருக்கும்போது அணைந்தால்தான் ஆபத்து, அரைகுறையான கெர்னலை வைத்து கிரப் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் பழைய கெர்னலும் பட்டியலில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். அது எழுந்துவிட்டால், உள்ளே போய் அப்டேட்டை மறுபடி முழுதாக ஓட்டினால் முடிந்தது. மெனுவே தெரியவில்லை என்றால் ஆன் செய்தவுடன் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பாருங்கள்.

டிஸ்க்கைச் சரிபார்க்கச் சொல்லி 'எஃப்எஸ்சிகே' என்ற கட்டளையை லேப்டாப்பே கேட்டால், எந்தப் பகுதி என்பதையும் திரையிலேயே காட்டும். அதை அப்படியே டைப் செய்யலாம். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் மட்டும் வேண்டாம், முதலில் ஃபைலை எடுக்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்த லேப்டாப் என்றால் இது எதையும் செய்யாதீர்கள். ஆன் செய்து பார்ப்பதே தப்பு.

*முதலில் ஃபைல், பிறகுதான் ரிப்பேர்*

ஒரு 8 ஜிபி பென்டிரைவ், நண்பரின் கம்ப்யூட்டர். இவ்வளவுதான் தேவை. லினக்ஸ் மின்ட்டை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள் (அதில் உள்ளது அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்). அந்த பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை பூட் செய்தால், உள்ளே எதையும் மாற்றாமல் ஒரு தற்காலிக டெஸ்க்டாப் வரும். 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாமல், ஃபைல் மேனேஜரைத் திறங்கள். பெரும்பாலும் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் அங்கேயே இருக்கும். இன்னொரு டிரைவில் காப்பி செய்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அதன்பிறகு என்ன செய்தாலும் பயமில்லை. 'பூட் ரிப்பேர்' என்ற இலவச டூல் கிரப்பை மறுபடி நிறுவிக் கொடுக்கும்.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால் உடனே 'டிஸ்க் போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். சில புதிய இன்டெல் லேப்டாப்களில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருந்தால் லினக்ஸுக்கு எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாது.

புதிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செக்யூர் பூட்டையோ இந்த விஎம்டி அமைப்பையோ மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' என்று 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் இந்தப் பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும், செல்போனிலேயே லாகின் செய்து பார்க்கலாம். எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அமைப்புகளில் கை வையுங்கள். அது கிடைக்காவிட்டால் விண்டோஸ் பக்க ஃபைல்களை யாராலும் திறக்க முடியாது.

இதெல்லாம் நமக்கு ஒத்துவராது, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் போங்கள், தப்பில்லை. ஆனால் லேப்டாப்பைக் கொடுக்கும்போதே "அண்ணே, டேட்டா வேணும், கேக்காம ஃபார்மட் பண்ணாதீங்க" என்று சொல்லி, அதையே பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எடுத்து வைத்த அந்தத் திரை போட்டோவையும் காட்டுங்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு ஃபைல்களை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டுவிட்டு, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.