நாறுவது தட்டு... தண்டனை குட்டிக்கா?

திரேஸ்புரம் கடற்கரை உள்ள ஊரில் மீனுக்கா பஞ்சம்? ஆசையாகப் பூனைக்குட்டி கொண்டு வருகிறவர்கள், சாளைத் தலையை மூலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் வீடே நாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். கடைசியில் குட்டி தெருவில்!

வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நாற்றத்துக்கு வழி இருக்கிறது. மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, தின்கிற அளவுக்கு மட்டும் வையுங்கள். தினமும் பச்சை மீனே கதி என்றால், பி1 சத்து குறைந்து குட்டிக்கு நரம்புக் கோளாறு வரலாம்.

மிச்சத்தை உடனே அப்புறப்படுத்துங்கள். எவர்சில்வர் தட்டைப் புளித்தண்ணீரில் கழுவுங்கள். மீன் குழம்பில் கவுச்சியை அடக்குகிற அதே புளிதான்!

ஒரு கை புளிக்குச் சோம்பி, ஒரு உயிரைத் தெருவில் விடுவது நியாயமா?