விழிப்புணர்வு இல்லையாம்!

டவுன் பக்கம் போனால், கல்யாண வீடோ டீக்கடையோ, பேச்சு பிரசவத்துப் பக்கம் திரும்பினால் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்: "கிராமத்துல விழிப்புணர்வு பத்தாதுங்க. செக்கப்புக்கே ஒழுங்கா போறதில்ல." கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போச்சு. பதில் எழுதியே தீருவது என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். இரட்டைப் பிள்ளை சுமக்கிற பெண்களை வைத்தே எழுதுகிறேன். போன வருஷம் என் மகளுக்கு இரட்டை. எட்டு மாசம் எங்கள் வீட்டில் நாள் கிழமை எல்லாம் ஸ்கேன் தேதியை வைத்துத்தான் நடந்தது.

இத்தனை ஸ்கேன் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஊரிலும் உண்டு. மறைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ஆடு ரெண்டு குட்டி போடுது, அதுக்கு எவன் ஸ்கேன் எடுத்தான்?" என்றார். ஆடு வளர்க்கிறவன் என்கிற முறையில் அவருக்குச் சொன்னேன். ரெண்டு குட்டி சுமக்கிற ஆடு கடைசி மாசத்தில் தீனியில் வாய் வைக்காமல் நிற்கும், அப்புறம் படுக்கும், படுத்தது எழுந்திருக்காது. இது ஆடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த மாசத்தில் அந்த ஆட்டை மந்தையிலிருந்து பிரித்துக் கட்டிக் கண்ணில் வைத்துப் பார்க்கிறோம். பெரியம்மா அதுக்கப்புறம் பேசவில்லை.

மனுஷியில் விஷயம் இன்னும் சிக்கல். இரட்டை என்றால் முதல் மூணு மாசத்துக்குள்ளேயே ஒன்று பார்த்துவிட வேண்டும்: ரெண்டு பிள்ளைக்கும் தனித்தனி நச்சுக்கொடியா, ஒரே நச்சுக்கொடியா. போகப் போக அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். என் மகளுக்கு ஒரே நச்சுக்கொடி. நம்ம பாஷையில் சொன்னால், ஒரே வாய்க்காலில் ரெண்டு வயல். மடை சரியாக இருந்தால் ரெண்டும் விளையும். தண்ணி ஒரு பக்கமே சாய்ந்தால் ஒன்று அழுகும், ஒன்று காயும். வயிற்றுக்குள்ளே ரத்தம் அப்படிச் சாய்கிறதா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, தாய்க்கே தெரியாது. ஸ்கேனில்தான் தெரியும். அதனால் 16 வாரத்திலிருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். தனித்தனி நச்சுக்கொடி என்றால் நாலு வாரத்துக்கு ஒரு முறை. இதோடு பிரஷர், சர்க்கரை, ரத்தசோகை. ஒற்றைப் பிள்ளையைவிட இரட்டையில் பிரஷர் ஏறுவது அதிகம். இரட்டையில் பாதிக்கு மேல் 37 வாரம் ஆகுமுன்னே பிறந்துவிடுகின்றன.

16-ல் ஆரம்பித்து 34 வரைக்கும் எண்ணிப் பாருங்கள். பத்து ஸ்கேன்.

சென்னையில் இருக்கிறவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகர் 52 கிலோமீட்டர், ரெண்டு பஸ். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸுக்கு. ரெண்டாவது பஸ் வெளியூர் வண்டி, டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் திரும்ப சாயங்காலம் ஆறு. ஸ்கேனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பைசா வாங்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கூடப் போகிற மாப்பிள்ளை கொத்தனார் வேலை. ஒரு நாள் போனால் 900 ரூபாய் போச்சு. பத்து நாளுக்கு 9,000. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அரசாங்கம் கொடுக்கிற 18,000, அதுவும் தவணை தவணையாக வருகிறது. அதில் பாதி இங்கேயே கரைந்துவிட்டது. அந்தப் பணம் பிரசவத்துக்குக் கணக்கு, வயிற்றில் எத்தனை பிள்ளை என்று பார்ப்பதில்லை.

இன்னொன்றை ஆம்பளைகள் யோசிப்பதே இல்லை. பஸ் ஸ்டாண்டில் போகிற மாதிரி கக்கூஸ் கிடையாது. ஆறு மாச வயிறு, அதுவும் ரெண்டு பிள்ளை, அரை மணிக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு முட்டும். அதற்குப் பயந்து பிள்ளை காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் வரும். தண்ணி குடிக்காவிட்டால் நீர்க்கடுப்பு, நீர்ப்பாதையில் கிருமி. அந்தக் கிருமியே முன்கூட்டி வலி வரவைக்கும் என்று நர்சம்மா சொல்கிறார். பிள்ளையைக் காப்பாற்றப் போகிற பயணமே பிள்ளைக்கு ஆபத்து. இதை எந்த விழிப்புணர்வு நோட்டீஸ் சரி செய்யும்?

ஒரு தடவை போனபோது ஸ்கேன் டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க என்றார்கள். அடுத்த வாரம் போனோம். உள்ளே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, "ரெண்டு வாரத்துல வரச் சொன்னா மூணு வாரம் கழிச்சு வர்றீங்க. படிச்ச பொண்ணுதானே, இவ்வளவு அலட்சியமா?" என்றார். என் மகள் பி.எஸ்சி. கணக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு அந்த ஃபைலில் 'தாமதமாக வந்தார்' என்றுதான் ஏறியிருக்கும். டாக்டர் லீவு என்பது எங்கே ஏறும்?

இன்னொரு சங்கடம், நம்ம வழக்கத்தில் இருக்கிறது. ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். இரட்டைக்குச் சிக்கல் கூடுவதும் அந்தச் சமயத்தில்தான். அதே நேரத்தில் ஊர் மாறி, பி.எச்.சி. மாறி, நர்சம்மா மாறி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பிக்மி நம்பர் ஒன்றுதான், பார்க்கிற கண் வேறு.

32-வது வாரம் கால் வீங்கி, பிரஷர் 150/100. குழந்தைகளின் நுரையீரல் முதிர ஊசி போட்டார்கள். அந்த ஊசி வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். நல்லவேளை அன்றைக்கு ஸ்கேனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். 33-ல் ஆபரேஷன். ஒன்று 1.8 கிலோ, இன்னொன்று 1.3. சின்னது 24 நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தது. அங்கே இருந்த நர்சுகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ரெண்டும் இப்போது தவழ்கின்றன.

"அப்ப முன்னாடியே டவுன்ல போய்த் தங்கிட வேண்டியதுதானே" என்பார் டவுன்காரர். எங்கே தங்குவது? லாட்ஜிலா? 108 இருக்கிறது, உண்மை. அது ஆபத்து வந்தபிறகு கூப்பிடுகிற வண்டி. எங்கள் பிரச்சனை ஆபத்து வருமுன் பத்து தடவை போய்வருவது.

மலைக் கிராமத்துப் பெண்களுக்காகத் தேதிக்கு முன்னாடியே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறை இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. வழி தெரியாமல் இல்லை. அதே அறையை மாவட்ட ஆஸ்பத்திரி வளாகத்தில் இரட்டை சுமக்கிறவர்களுக்கும் திறக்கட்டும், 30 வாரத்திலிருந்து, கூட ஒரு ஆளுக்கும் சேர்த்துச் சாப்பாட்டோடு. இரட்டை என்று நர்சம்மா பதிந்த அன்றைக்கே 34 வாரம் வரைக்கும் தேதி போட்டுக் கொடுக்கட்டும். அந்தத் தேதியில் டாக்டர் லீவு என்றால் முதல் நாளே போன் வரட்டும். ஒன்றியத்துக்கு ஒரு வேன், அந்த நாட்களில் மட்டும்.

எங்கள் நர்சம்மா கணக்கில் இப்போது ரெண்டு பேர் இரட்டை. ஒருத்திக்கு 22 வாரம், ஒரே நச்சுக்கொடி. வர்ற வியாழக்கிழமை அவளுக்கு ஸ்கேன். ஆறு மணி பஸ்ஸில் போகிறாள்.